கூட்டாளி இல்லாத ஆட்டம்

பிரின்சி, ஜோயல், நீங்கள் ரெண்டு பேரும் மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. மாமா ஆசையாக வாங்கி வந்த சண்டை கேமை அப்பா பிரிக்கக்கூட விடாமல் திருப்பி அனுப்பிவிட்டாரே என்று கோபம். கோபம் நியாயம்தான். ஜோயல் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த ஆட்ட வகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தான், ஸ்டோரி, டைம் அட்டாக், டேக், சர்வைவல் என்று. அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். ஏன் என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தவன், பிழை இருந்தால் பிரின்சி திருத்திக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. மில்லில் பழைய இரும்பு கொட்டும் இடத்தில் யாரோ நடக்கிறார்கள் என்று மற்றவர்கள் பயந்தபோது, அங்கேயே தனியாகப் போய் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு வந்தவன் நான். சர்ச்சில் பேய் ஓட்டும் கூட்டம் என்றால் இன்றைக்கும் உங்கள் அம்மா உள்ளே போவாள், நான் வெளியே வண்டிக்குக் காவல் நிற்பேன். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. அதுவும் ராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை, பட்டப்பகலில், கும்மிடிப்பூண்டி பஜாரில், கரண்ட் விளக்கு எரிகிற கடையில். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் அப்பா ஏதோ துக்கத்தில் பார்த்தார் என்று விட்டுவிடுங்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் வேலை. உலையிலிருந்து பழுத்த இரும்பு வரும், உருளைகளுக்கு நடுவே போய் மெலிந்து மெலிந்து கம்பியாகும். ஒரு உருளையிலிருந்து சீறிக்கொண்டு வருகிற கம்பியின் தலையை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. அந்த அனலில் அரை மணி நேரத்துக்கு மேல் மனிதன் நிற்க முடியாது. அதனால் ஒரு இடத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தன் அரை மணி நிற்பான், மற்றவன் அரை மணி வெளியே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான், பிறகு மாறிக்கொள்வார்கள். சத்தத்தில் பேச்சு கேட்காது. உள்ளே போகிறவன் பின்னால் வந்து முதுகில் ரெண்டு தட்டு தட்டுவான், அப்புறம்தான் நிற்பவன் இடுக்கியை விடலாம். தட்டாமல் விடக்கூடாது, இது சட்டம் மாதிரி.

என் கூட்டாளி ஜாபர். பழவேற்காட்டுக்காரன். அவன் வாப்பா கருவாட்டு வியாபாரம் செய்து காலமானவர், வீட்டில் அம்மா மட்டும். என் வயதுதான் அவனுக்கும். என்னை அருள்தாஸ் என்று முழுசாகக் கூப்பிட்டதே இல்லை, தாசு, மச்சி, மாமே, வாயில் வந்தது எல்லாம். மூன்று வருஷம் அவன் முதுகை நான் தட்டினேன், என் முதுகை அவன் தட்டினான்.

எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ஸ்டேஷன் பக்கத்தில் சீனு அண்ணன் வைத்திருந்த வீடியோ கேம் கடை. மூன்று டிவி, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. சீனு அண்ணன் ஆரம்பாக்கம் பக்கம், தெலுங்கு கலந்து பேசுவார், யாராக இருந்தாலும் நைனாதான். ஒருநாள் கதவில் பேப்பர் ஒட்டியிருந்தார், சண்டை கேமுக்கு ரெண்டாம் பாகம் வந்துவிட்டது என்று. முதல் பாகத்தில் ஒருத்தனோடு ஒருத்தன் மோத வேண்டியதுதான், வேறு ஒன்றும் இல்லை. ரெண்டாம் பாகத்தில் தினுசு தினுசாக ஆட்டம். கதையோடு ஒரு ஆட்டம், கடிகாரத்தோடு போட்டி போடும் ஆட்டம், கூட்டாளியோடு ஆடும் டேக். டேக்கில் ரெண்டு வீரர்களை எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருப்பவனுக்கு உயிர் குறைந்தால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், வெளியே இருப்பவன் ஓடி வருவான், அடிபட்டவன் ஓரமாகப் போய் மூச்சு வாங்குவான். எங்களுக்கென்றே செய்தது போல இருந்தது.

நான் ஒல்லியாக, கழி சுற்றுகிற ஆளை எடுத்தேன். ஜாபர் தாடி வைத்த ஒரு குண்டனை எடுத்தான். அவனை அந்தக் கடையில் வேறு யாருமே எடுக்க மாட்டார்கள்.

"இன்னா மாமே, ஊதுனா பறந்துடுவான் போல ஒரு ஆள எடுத்துகினே. என் ஆளப் பாரு, பிரியாணி துன்ன ஒடம்பு."

"உன் ஆளு நடந்து வர்றதுக்குள்ள ரவுண்டே முட்ஞ்சிடும் நைனா" என்றார் சீனு அண்ணன்.

"லேட்டா வந்தாலும் உழ மாட்டான்ணே. இவன மாதிரி ரெண்டு குத்துக்கே படுத்துக்க மாட்டான்."

ஆனால் ஜாபருக்கு ஒரு குறை இருந்தது. "இந்த கேமு செஞ்சவன் மில்லு பக்கமே வந்ததில்ல மச்சி. உள்ள அடி வாங்கறவன் கூப்டாதான் வெளிய இருக்கறவன் வருவானாம். உள்ள இருக்கறவனுக்கு ஏதுடா கை? வெளிய குந்திகினு இருக்கறவன்தான பாத்து வரணும்?" இதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பான்.

சர்வைவல் அவனுக்குப் பிடிக்காது. அதில் கூட்டாளியே கிடையாது. ஒரே ஆள், ஒரே உயிர், எதிரிகள் ஒருவன் பின் ஒருவனாக வந்துகொண்டே இருப்பார்கள், விழுகிறவரை எத்தனை பேரை அடித்தோம் என்பதுதான் கணக்கு. எனக்கு அதில் பைத்தியம். பதினைந்தைத் தாண்டியதில்லை, எப்படியாவது இருபது தொட வேண்டும் என்று வெறி. "தனியா நின்னு ஒத வாங்கறதுக்கு பேரு ஆட்டமாடா, பேஜாரு" என்று அவன் எழுந்து போய் டீ குடிப்பான்.

இனி சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அம்மாவிடம்கூட.

அன்றைக்கு ரெண்டு மணி ஷிப்ட். காலையிலிருந்தே கடையில் இருந்தோம். ஒன்றேகாலுக்கு ஜாபர் சைக்கிளை எடுத்துவிட்டான். நான் சர்வைவலில் பதினாறாவது ஆளோடு இருந்தேன்.

"டேய் தாசு, டைம் ஆச்சு, வா."

"நீ போய்க்கினே இரு. என் டோக்கன சேத்து போட்டுடு. பின்னாடியே வந்துடறேன்."

"மேஸ்திரி பாத்தான்னா என்னியும் சேத்து தொரத்துவான்."

"பத்தே நிமிஷம்டா. எங்கம்மா மேல சத்தியம்."

"ஒங்கம்மா பாவம்டா" என்று சிரித்துக்கொண்டே போனான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோக்கன் என்றால், மில் கேட்டில் பலகையில் அவரவர் நம்பர் போட்ட பித்தளைத் தகடு தொங்கும், உள்ளே போகிறவன் தன் தகட்டை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியில் விழுந்துவிட்டால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். விழவில்லையென்றால் மேஸ்திரி வேறு ஆளை அந்த இடத்தில் நிறுத்துவார். பத்து நிமிஷம் தாமதம் என்றால் ஒருத்தனுக்கு ஒருத்தன் போட்டுவிடுவது எல்லோரும் செய்கிறதுதான். ஜாபர் என்னுடையதைப் போட்டான். அதனால் வேறு ஆள் வரவில்லை.

விழுந்து விழுந்து, மறுபடி மறுபடி முதலிலிருந்து ஆடி, நான் அன்றைக்கு இருபத்திரண்டு அடித்தேன். அந்தக் கடையிலேயே யாரும் அவ்வளவு அடித்ததில்லை. சீனு அண்ணன் கை தட்டினார். மணி பார்த்தபோது மூன்று தாண்டியிருந்தது.

மூன்றரைக்கு உடைந்த காம்பவுண்டு வழியாக உள்ளே நுழைந்தேன். உருளைகள் நின்றிருந்தன. ஓடுகிற மில்லில் சத்தம் நின்றுபோனால் ஏதோ ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். என் அரை மணி, அவன் அரை மணி, மறுபடியும் என் அரை மணி என்று ஜாபர் ஒருத்தனே நின்றிருக்கிறான். எங்கே உன் கூட்டாளி என்று மேஸ்திரி கேட்டதற்கு, வயிறு சரியில்லை, ஒதுங்கப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று சைகையில் சொல்லியிருக்கிறான். கடைசியில் ஒரு கம்பி உருளைக்குள் போகாமல் மடங்கித் திரும்பிவிட்டது. எப்போதாவது அப்படித் திரும்பும், கவனமாக இருந்தால் குதித்து விலகிவிடலாம். மேஸ்திரி பிறகு சொன்னார், "நல்லாதான்டா புட்ச்சிகினு இருந்தான். இன்னா தோணுச்சோ, ஒரு செகண்டு பின்னாடி திரும்பிப் பாத்தான்." அந்த ஒரு செகண்டுதான்.

யாரைத் திரும்பிப் பார்த்தான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

"எங்கடா போன?" என்று மேஸ்திரி என் சட்டையைப் பிடித்தார். "வயித்தால போகுதுண்ணே" என்றேன். அவன் எனக்காகச் சொன்ன பொய்யும் நான் சொன்ன பொய்யும் ஒன்றாகப் பொருந்திவிட்டது. யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன வண்டி பொன்னேரி தாண்டும் முன்பே ஜாபர் போய்விட்டான்.

பழவேற்காட்டில் அடக்கம் முடிந்த பிறகு அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். அழுது குரல் போயிருந்தது.

"தாசு, நீ அவங்கூட இருந்தியாப்பா?"

"இருந்தேம்மா."

"தனியா இல்லல்ல?"

"இல்லம்மா."

"அது போதும்யா" என்று என் தலையில் கை வைத்தார்கள். அந்தக் கையின் பாரம் இன்னும் இறங்கவில்லை.

நாற்பதாம் நாள் அவனுக்காகப் பாத்தியா ஓதுகிற சடங்குக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள், தாசு கண்டிப்பாக வர வேண்டும், அவன் கையால் நாலு பேருக்குச் சோறு போட வேண்டும் என்று. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். பழவேற்காடு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. ஏற முடியவில்லை. கால் தானாக சீனு அண்ணன் கடைக்குத் திரும்பியது. அந்த நாற்பது நாளில் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

பகல் ஒரு மணி இருக்கும். கடையில் யாரும் இல்லை. "ஊட்டுக்குப் போய் துன்னுட்டு வர்றேன் நைனா, பாத்துக்கோ" என்று சீனு அண்ணன் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார். நான் சர்வைவல் போட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தோற்க வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு ஜெயித்த அதே ஆட்டத்தில், அதே ஒல்லி ஆளை நிறுத்தி, அடி வாங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம், ஆனால் துக்கத்தில் மனிதன் இப்படி எதையாவது செய்வான்.

ஆட்டம் தொடங்கியதும் பட்டன் உள்ள கைப்பிடியை மேஜையில் வைத்துவிட்டேன். ரெண்டாவது பிளேயருக்கான கைப்பிடி மாட்டப்படவே இல்லை, அது ஒயரைச் சுற்றி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் நன்றாகப் பார்த்தேன். என் ஆள் சும்மா நின்று குத்து வாங்கினான். உயிர்க்கோடு பாதியாகி, கால்வாசியாகி, சிவப்பாகி, ஒரு நூல் அளவுதான் இருந்தது. இன்னும் ஒரே அடி.

அப்போது திரையின் இடது ஓரத்திலிருந்து அந்தத் தாடி வைத்த குண்டன் வந்தான்.

டேக்கில் வருவது போல ஓடி வரவில்லை. நடந்து வந்தான். என் ஆள் ஓரமாகப் போய் மறைந்தான், குண்டன் அவன் இடத்தில் நின்று சண்டை போட்டான். நான் எதையும் தொடவில்லை. ரெண்டு கையும் என் தொடை மேல் இருந்தது. முதல் எதிரியைச் சாய்த்தான், அடுத்தவன் வந்தான், அவனையும் சாய்த்தான், மூன்றாமவன் வந்தான். அவன் உயிரும் குறைந்துகொண்டே வந்தது. கைப்பிடியை எடுத்து மாற்றுகிற பட்டனை அழுத்தினேன். நான் வருகிறேன், நீ வெளியே போ என்று. மாறவில்லை. எல்லா பட்டனையும் அழுத்தினேன், விரல் நகம் உடைகிற அளவுக்கு அழுத்தினேன். அவன் இறங்கவே இல்லை. "போடா, போடா ஜாபரு" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

இதையெல்லாம்கூட நான் மறந்திருப்பேன். மிஷின் கோளாறு என்று விட்டிருப்பேன். அடுத்து நடந்ததுதான் முடியவில்லை.

சண்டை கேம் ஆடியவர்களுக்குத் தெரியும், அந்த வீரர்கள் எதிரியைத்தான் பார்ப்பார்கள். எதிரி தாண்டிக் குதித்தால் அந்தப் பக்கம் திரும்புவார்கள், அவ்வளவுதான், வேறு எங்கும் முகம் திரும்பாது. குண்டன் ஒரு அடி வாங்கினான், நிமிர்ந்தான், எதிரி முன்னால் நிற்கும்போதே பின்னால் திரும்பிப் பார்த்தான். இடது ஓரத்தை. யாரோ வர வேண்டிய இடத்தைப் பார்ப்பது போல. மறுபடி ஒரு அடி, மறுபடி திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தடவையும் பார்த்தான். அவன் உயிர்க்கோடு சிவந்துவிட்டது.

"இன்னா நைனா இது, சர்வைவல்ல ரெண்டாவது ஆளு எப்டி வந்தான்?" என்று பின்னால் குரல் கேட்டது. சீனு அண்ணன் வாசலில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் விழுவதை நான் பார்க்கக் கூடாது. அது மட்டும்தான் தோன்றியது. சுவரில் இருந்த பிளக்கை அப்படியே பிடுங்கிவிட்டேன்.

"ஏய், ஒயர புடுங்கினா மெமரி கார்டு போய்டும்னு தெரியாது ஒனக்கு?" என்று திட்ட ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரும் சர்வைவல் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஒல்லி ஆள் அடி வாங்கி விழுவானாம், ஆட்டம் முடிந்துவிடுமாம். குண்டன் ஒருநாளும் வரவில்லை.

ஜோயல், நீ சொல்வாய், சும்மா விட்டால் மிஷின் தானாக ஆடிக் காட்டும், அதைப் பார்த்திருப்பீர்கள் என்று. நானும் பல வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டேன். தானாக ஆடும்போது திரையின் கீழே பட்டனை அழுத்தச் சொல்லி ஒரு வரி மின்னிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அந்த வரி இல்லை. சரி, நான் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவன் திரும்பிப் பார்த்ததை என்ன செய்வது? இப்போதும் மில்லில் என் அரை மணி முடிந்து வெளியே உட்கார்ந்தால், கடிகாரம் பார்க்காமல் இருபத்தைந்தாவது நிமிஷமே எழுந்து போய் நின்றுகொள்கிறேன். உள்ளே நிற்பவன் யாராக இருந்தாலும் அவன் தலை திரும்புகிறதா என்று என் கண் போகிறது. திரும்பினால் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது. நீங்கள் ரெண்டு பேரும் ஏன் அப்பா, சாப்பிடவில்லை என்று கேட்ட நாள்கள் அவைதான்.

ஜாபரின் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்தேன். உன் கல்யாணம் ஆகட்டும், உனக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்று அவர்கள் என்னைத்தான் வாழ்த்திக்கொண்டே இருந்தார்கள், பிரின்சி பிறந்தபோது கருவாடும் மஞ்சளும் கொடுத்தனுப்பினார்கள். சொல்லவில்லை. இப்போது சொல்வதற்கு அவர்கள் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். யாருக்காவது சொல்லியாக வேண்டும்.

அன்றைக்குப் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேராக பஸ் ஏறினேன். பழவேற்காட்டில் இறங்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அவர்கள் தெருமுனையிலிருந்து பார்த்தேன், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், வாசலில் சோறு ஆக்கிய தேக்சாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். உள்ளே போகவில்லை. சுற்றிக்கொண்டு அவனை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை, கடல் காற்று மட்டும்தான். அவன் கபரைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "ஜாபரு, எனக்கு வயிறெல்லாம் நல்லாதான்டா இருந்துச்சு. நான் கேம் ஆடிகினு இருந்தேன்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கல் மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கையாலேயே பள்ளம் தோண்டி அதை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணைத் தள்ளி அழுத்தினேன். கையை எடுத்ததும் மறுபடியும் சாய்ந்தது. குழாயடிக்குப் போய், என் வெள்ளைச் சட்டையைக் கழற்றி அதில் ஈர மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கொட்டினேன். கல்லை நேராகப் பிடித்துக்கொண்டு, மண் இறுகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.